இந்த வாரம் என் முறை

சமையலறைக் கதவில்
பீட்சா டப்பாவை வெட்டிச் செய்த இரண்டு வட்டங்கள்,
நடுவில் ஒரு குண்டூசி.
வெளிவட்டத்தில் வேலைகள்.
உள்வட்டத்தில் நாங்கள்:
வீப்கெ, டோர்பென், ஜார்ஜியாவிலிருந்து வந்த மரிகா,
நவநீதன் என்று எழுத இடம் போதாமல்
'நவ்'.
ஞாயிறுதோறும் வீப்கெ ஒரு கட்டம் நகர்த்துவாள்.

மாக்டெபுர்கில் வந்திறங்கிய பதினோராம் நாள்
என் பெயர் கழிப்பறைக்கு நேரே வந்து நின்றது.

டோர்பெனிடம் பத்து யூரோ நீட்டினேன்,
எனக்குப் பதிலாகச் செய்துவிடு என்று.
அவனுக்குக் கோபம் வரவில்லை.
வந்திருந்தாலாவது தேவலை.
என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"கையில் அடி கிடி பட்டுவிட்டதா?"

அடி எதுவும் இல்லை.
இருபத்து மூன்று வருடம்
பொத்திப் பொத்தி வைத்திருந்த கை.

அன்றிரவு எல்லோரும் தூங்கியபின்
உள்ளே தாழிட்டுக்கொண்டு,
இரண்டு ஜோடி கையுறை, மூக்கில் கட்டிய துண்டு,
யூடியூபில் யாரோ ஒருவர் சொல்லச் சொல்ல.
இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம்,
விளிம்புக்கு அடியில் பாறையாய்ப் படியும்,
வினிகர் ஊற்றி அரைமணி காத்திருக்க வேண்டும்
என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.
அன்றைக்குத் தெரிந்தது
எனக்குக் குமட்டியது என்பதும்
ஒன்றும் ஆகிவிடவில்லை என்பதும்தான்.
குளித்தேன்.
மறுபடியும் குளித்தேன்.
இரண்டாவது எதற்கு என்று
ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்தபோது
பதில் முன்பே தெரிந்திருந்தது.

உடுமலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பின்சந்து உண்டு.
செவ்வாயும் சனியும் ஒரு பெண் வருவார்.
(எங்கள் வீட்டில் 'வருவா'.
அந்த 'ர்' எனக்கு இங்கே வந்துதான் ஒட்டியது.)
அம்மா கொல்லைக் கதவைத் திறந்துவிட்டுத்
தள்ளி நிற்பாள்.
தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுவாள்.
காசைத் துவைக்கிற கல்லின்மேல் வைப்பாள்.
அவர் போனபின் கல்லைக் கழுவிவிட்டு
என் பள்ளிச் சட்டையைத் துவைப்பாள்.
அந்த வெள்ளைச் சட்டையோடுதான்
பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்து மூன்று வரிகளைக்
கைகட்டி நின்று சத்தமாக ஒப்பித்தேன்.
வகுப்பே கைதட்டியது.

பிப்ரவரிக்குள் கை பழகிவிட்டது,
"விளிம்புக்கு அடியிலும் தேய்" என்று
டோர்பெனைத் திட்டும் அளவுக்கு.
முதல் பருவத்தில் திரவ இயக்கவியலில் தோற்றேன்.
அதை வீட்டில் சொல்லிவிட்டேன்.
இதைச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு அம்மா வீடியோவில் அழைத்தாள்.
மஞ்சள் கையுறையைக் கழற்ற மறந்திருந்தேன்.
பார்த்தாள்.
அப்பாவின் கண்ணில் படாமல் ஃபோனைத் திருப்பிக்கொண்டு
"காசு குடுத்து ஒரு ஆள வச்சுக்கக் கூடாதா சாமி" என்றாள்.
அந்தக் குரலில் இருந்ததும் அன்புதான்.
அதுதான் கஷ்டம்.

"நம்ம பின்சந்துல வருவாங்களே,
அவங்க பேரென்னம்மா?"

குக்கர் இரண்டு விசில் அடித்தது.
"வாம்மான்னுதான் கூப்புடுவோம்.
பேரு... இரு, பக்கத்து வீட்டுல கேட்டுப் பாக்கறேன்."
பிறகு, "எதுக்குக் கண்ணு?"

எதற்கென்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை.
பெயர் கிடைத்தால் மட்டும்
அந்தக் கல் என்ன ஆகிவிடும்?
அவர் கையில் கையுறை இருந்ததா என்றுகூட
எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.
வாளி நினைவிருக்கிறது,
சந்தில் விழும் பத்து மணி வெயில் நினைவிருக்கிறது.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
கதவின் விளிம்பு.

அடுத்த ஞாயிறு வீப்கெ வட்டத்தைத் திருப்பினாள்.
எனக்குச் சமையலறை.
கழிப்பறைக்கு நேரே மரிகா,
நீல மையில், கொட்டை எழுத்தில்,
வீட்டுக்கு யார் வந்தாலும்
படிக்கிற உயரத்தில்.