இடது பிடரி

என் கணவர் தெலஸ்ஃபோரோ தலைகளைப் பார்ப்பார்.
மிச்சத்தை நான் பார்ப்பேன்.

முன்கதவுப் பக்கம் கண்ணாடி, சுழல்நாற்காலி,
சேவற்சண்டைப் படம் போட்ட காலண்டர்.
பின்கதவைத் திறந்தால் சாக்கடை.
அதன் கரையில் ஆளுயரத்துக்கு அகாபுல்கோ.
என்றோ பாய்மரக் கப்பலில் வந்த செடியாம்;
ஏறிய துறைமுகத்தின் பெயரை
இந்தத் தீவில் இறங்கியும் கழற்றவில்லை.
கல்லறைத் திருநாள் நெருங்கும்போது
மஞ்சள் மெழுகுவர்த்திகளாக நிமிர்ந்து நிற்கும்,
எந்தக் கல்லறைக்கும் போகாமல்.

பகலில் வருபவர்கள் இருமல் என்பார்கள்.
பூவைக் கொதிக்கவைத்துக் கொடுப்பேன்.
வயிறு இளகாதவர்களுக்கு இலைக் கஷாயம், அரைக் கோப்பை.
ஒரு கோப்பை குடித்த மீன்வண்டி பாக்கோய்
மறுநாள் மீன் விற்க வரவில்லை.
அது வேறு கதை.

இருட்டியபின் வருபவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள்.
இலைகளும் அந்நேரம் சோடி சோடியாக மடிந்து
பார்க்கவில்லை, நாங்கள் பார்க்கவில்லை என்று
முகத்தைப் பொத்திக்கொள்ளும்.
காலரை இழுத்துக் காட்டுவார்கள்.
ஓரம் சிவந்து, நடு வெளுத்து,
தண்ணீரே இல்லாமல் படர்கிற தாமரை.

இலையை உப்போடு இடித்து, சாறு பிழிந்து,
தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவுவேன்.
"அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதே,
இன்னும் இரண்டு வாரம் போடு."
ஒருவனும் கேட்டதில்லை. அதனால் திரும்ப வருவார்கள்.
நான்கு முட்டை, கொஞ்சம் கருவாடு,
மடித்து மடித்துச் சின்னதாக்கிய பெசோ நோட்டு.
கத்தரியில் வராத காசு
அந்த வருஷம் சாக்கடைப் பக்கமாக வந்தது.
கூரைக்கு இரண்டு தகடு வாங்கினோம்.

படகு மெக்கானிக் ஓனோஃப்ரே: இடது பிடரி.
பள்ளிக்கூடக் காவலாளி: இடது பிடரி.
பாதிரியாரின் ஓட்டுநர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி
உரசும் இடத்துக்குச் சற்று மேலே:
இடது பிடரி.
தடவிக்கொண்டிருந்த என் விரல்
அங்கேயே நின்றுவிட்டது.

தெலஸ்ஃபோரோ இடக்கைக்காரர்.
நாற்காலிக்குப் பின்னால் நின்று
மெஷினை முதலில் வைக்கிற இடம் அது.

மூன்று வாரம் நான் சொல்லவில்லை.
மூன்றாவது தகடு வேண்டியிருந்தது.

பிறகு லிவாய்வாய் தன் மகனைக் கூட்டி வந்தாள்,
பட்டப்பகலில், முன்கதவு வழியாக.
முதல் வகுப்புச் சேர்க்கைக்கு முந்தைய நாள்
எங்களிடம் முடிவெட்டிய பையன்.
உச்சியில் காசளவு முடியில்லை.
அவள் கோபமாக வரவில்லை.
"உங்கள் இலை கேட்குமாமே" என்றாள்.

தோல்மேல் படர்வதை இலை கேட்கும்.
முடியின் வேருக்குள் இறங்கியதை அது தொடாது.
அவ்வளவு எனக்குத் தெரியும்.
சுகாதார நிலையத்துக்குப் போ, மாத்திரை வேண்டும் என்று
தகட்டுப் பணத்தை அவள் கையில் வைத்தேன்.
எதற்கு என்று அவள் கேட்டாள்.
கண்ணாடியில் தெலஸ்ஃபோரோவும் கேட்டார், கண்ணால்.

அன்றிரவு எல்லாவற்றையும் சொன்னேன்,
மூன்று வாரத்தையும் சேர்த்து.
அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
யாரோ மறந்து வைத்துப்போன சாமானைப் போல.
விடியும்போது என் இலைச் சட்டியில்
எஃகுச் சீப்புகள் கொதித்துக்கொண்டிருந்தன.
மெஷின் பிளேடு சாராயத்தில் கிடந்தது.
கடை முழுக்க ஆஸ்பத்திரி வாடை.

இப்போதெல்லாம் இருட்டியபின் யாரும் வருவதில்லை.
பறிக்க ஆளில்லாத இலைகளை
மஞ்சள் புழுக்கள் தின்று தீர்த்து
மஞ்சளாகவே பறந்து போகின்றன.
பையனுக்கு முடி முளைத்துவிட்டது.
பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு கடையில் வெட்டுகிறார்கள்.
லிவாய்வாய் சந்தையில் தலையசைப்பாள், நிற்க மாட்டாள்.

மூன்றாவது தகடு இல்லாத இடத்தில்
மழை உள்ளே வருகிறது.
கீழே சட்டி வைத்திருக்கிறேன்,
அதே சட்டி.