வல்லை வெளியில் ஒரு மலை

கீரிமலையில் மலை இல்லை.
கேணி இருக்கு, கடல் இருக்கு,
தேடினால் ஒரு கீரியும் இருக்கும்.
எங்கட பக்கத்தின் ஆக உயர்ந்த ஏத்தம்
ஏதோ ஒரு பாலத்தின் முதுகு.
கியர் மாத்த முன்னமே இறக்கம் வந்துவிடும்.

இந்தத் தட்டை மண்ணிலிருந்து
மூண்டு கிழமை ஓடுற போட்டியை
ஒருத்தன் வெல்லுவானோ எண்டு
சலூனில் கேக்கினம்,
ரொறன்ரோவிலிருந்து இரவு பதினொண்டுக்கு எடுத்துக் கேக்கினம்.
நான் அவனுக்குத் தண்ணிப்போத்தல் காவினவன்.
எனக்குத் தெரியுமாம்.

தெரிஞ்சதைச் சொல்லுறன்.
நாலு நாள் போட்டி ஒண்டு. மூண்டாம் இரவு.
பள்ளிக்கூட மண்டபம், வாங்குகளை ஒதுக்கிப் பாய்.
எங்கட தொடைக்குள்ள கண்ணாடித் தூள்.
ரெண்டு படி இறங்கக் கம்பியைப் பிடிக்கிறம்.
ஜெனுசாந்த்
ஒரு றாத்தல் பாணைச் சம்பலோட முடிச்சு
"இன்னும் கிடக்கோ?" எண்டான்.
பேந்து வாய் திறந்தபடி நித்திரை.
விடிய, எழும்ப முன்னம்,
மணிக்கட்டைப் பிடிச்சு எண்ணினன்: நாப்பத்தொண்டு.
என்ரை அறுபத்தெட்டு.
அந்த இருபத்தேழு துடிப்புக்குள்ளதான்
அவன்ரை றோட்டும் என்ரை றோட்டும் பிரிஞ்சது.
ஒரு நாள் வெல்லக் கால் காணும்.
இருபத்தொரு நாள் வெல்ல
இப்பிடிப் படுக்கத் தெரியவேணும்.

பதினேழு வயசில் முதல் மலை, றம்பொடையில்.
வளைவுக்கு மேல வளைவு,
முகிலுக்குள்ள போய்க் காணாமப் போற றோட்.
நாங்கள் வாயடைச்சுப் போனம்.
அவன் தலையை நிமித்திப் பாத்திட்டு
"இது சோளகம்தானே,
எழும்பி நிக்குது, அவ்வளவுதான்" எண்டான்.
ஏறினான். எல்லாரையும் விட்டிட்டு ஏறினான்.

இறங்கத் தெரியாது.
எங்க பழகிறது?
பிறேக்கை நசிச்சு நசிச்சு உள்ளங்கை கொப்பளிச்சு
ஏறிச் சேத்த மூண்டு நிமிசத்தையும்
வளைவு வளைவாத் திருப்பிக் குடுத்துக்கொண்டு வந்தான்,
வட்டிக்கு வாங்கின ஆள் மாதிரி.

இப்ப ஈப்போவில் ஒரு அணி, மாசச் சம்பளம்,
ரெண்டு வருச ஒப்பந்தம்.
வைகாசியில் ஒரு ஈர இறக்கம்.
காரை எலும்பு ரெண்டாப் போச்சு.
ஆடியில் வீட்டை வந்தான்.
எக்ஸ்ரே படத்தைத் தாய்
சாமித்தட்டில் சாத்தி வைச்சிருக்கிறா.

இண்டைக்கு வல்லை வெளி.
அச்சுவேலிப் பக்கம் போகேக்க
சோளகம் நெஞ்சில் கை வைச்சுத் தள்ளுது.
காத்து மறைக்க நான் முன்னுக்கு,
பழைய வேலை, இப்ப சம்பளமில்லை.
ஆறு நிமிசத்தில் ஏலாமப் போச்சு.
அவன் ஒண்டும் சொல்லாமல் கடந்தான்.
சங்கிலிச் சத்தம் கூட மாறேல்லை.
உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசமில்லை.
அவன்ரை முதுகு சின்னனாகிறதைப் பாத்து
விழுந்திடடா எண்டு ஒரு கணம் நினைச்சன்.
ஒரு கணம்தான். ஆனால் நினைச்சன்.

திரும்பி வரேக்க காத்து முதுகில்.
மணிக்கு அறுபது. அறுபத்திநாலு.
பாலம் தாண்டி ஒரு வளைவு.
அவன்ரை ரெண்டு விரல்
பிறேக்குக்கு மேல நடுங்கிக்கொண்டு நிண்டது.
தொட்டான்.
நிப்பாட்டி, தன்னைத்தானே தூசணத்தால் பேசி,
மூக்கைச் சீறி எறிஞ்சு,
"இன்னொருக்கா" எண்டான்.

எட்டுத்தரம்.
ஏழாவதிலும் தொட்டான்.
எட்டாவதில் நான் நல்லாப் பின்னுக்கு.
வெயில் சாஞ்சிட்டுது, உப்புக்காத்து கண்ணுக்குள்ள.
வளைவில் அவன் சரிஞ்சது தெரிஞ்சது.
விரல் என்ன செய்தது எண்டு
வடிவாத் தெரியேல்லை.