முக்கால் லிட்டர்

பழைய நன்னாரி சர்பத் பாட்டிலில்
பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.
கோடு வரைக்கும்தான் என் ஒரு நாள்.
காபி அதிலிருந்து, ரசம் அதிலிருந்து,
ஒன்பது மாத்திரை இறங்குவதும் அதிலிருந்து.
சாயங்காலம் நாலு மணிக்கே
அடி தெரிய ஆரம்பித்துவிடும்.

அவருக்கு மூன்று லிட்டர்.
கல்.
அதே டாக்டர், அதே மேசை.
"ஐயா தண்ணி நிறையக் குடிக்கணும்" என்றவர்
என் பக்கம் திரும்பி
"நீங்க குடிக்கக் கூடாது" என்றார்.
காரைக்குடியிலிருந்து கோட்டையூர் வரை
ஒரே ஆட்டோவில் பேசாமல் வந்தோம்.
ஸ்ரீராம் நகர் தாண்டும்போது மட்டும்
பேங்கில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்த மனுஷர் சொன்னார்:
"சராசரி போட்டா சரியாத்தான் வருது."

செவ்வாய், வியாழன், சனி
நாலு மணி நேரம் மெஷினோடு.
ஏறும்போது ஓர் எடை, இறங்கும்போது ஓர் எடை.
நர்ஸ் மெர்லின் எண்ணைப் பார்த்துவிட்டு
"ரெண்டு எண்ணூறு கூடியிருக்கு ஆச்சி,
யார் வீட்டு விசேஷம்?" என்பாள்.
மோர்க்குழம்பில் ஒரு கரண்டி அதிகம், அவ்வளவுதான் விசேஷம்.

இடது கையில் வளையல் கிடையாது.
குழாயோடு குழாய் சேர்த்துத் தைத்த இடத்தில்
ஒரு வண்டு விடாமல் இரைகிறது.
ராத்திரி அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் தூக்கம்.
இரைந்தால் சரி.
கோயிலில் உமையாள் கேட்டாள்,
ஒரு கை ஏன் மூளியாக இருக்கிறது என்று.
"அது ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த கை" என்றேன்.

உருளைக்கிழங்கை முதல் நாளே நறுக்கி ஊறப்போட்டு
அந்தத் தண்ணீரைக் கொட்டி
வேகவைத்து
அதையும் கொட்டி
மிச்சத்தைத் தாளிக்கிறேன்.
அதற்குப் பெயர் இன்னும் உருளைக்கிழங்கு.
அவரும் அதையே உப்பில்லாமல் சாப்பிடுகிறார்.
நல்லாயிருக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை,
அதனாலேயே அவரைப் பிடிக்கிறது.

ஆனால் தண்ணீரை என் முன்னால் குடிக்க மாட்டார்.
இரண்டாங்கட்டுக்குப் போய்க் கதவை ஒருக்களித்துக்கொள்வார்.
இந்த வீட்டில் ஓசை ஒளிய இடமில்லை.
மடக் மடக்கென்று அவர் தொண்டை
தூண் தூணாகத் தாண்டி வந்து சேரும்.
எனக்குக் கேட்டது அவருக்குத் தெரியக் கூடாதென்று
டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

ஞாயிறு ராத்திரி ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.
மெஷின் இல்லாத இரண்டு நாளில் முதல் நாள்.
நாலு பக்கத்து ஓடும் வளவுக்குள் சரிந்து
சொட்டு வெளியே போகாமல் பிடிக்கக் கட்டிய வீடு.
எட்டுப் பங்கில் ஏழு பூட்டிக் கிடக்கிறது,
எட்டுப் பங்கு மழையும் எங்கள் தலையில்.
அண்டா, தவலை, கடைசியில் இட்லிக் கொப்பரை வரை
தூக்கிக் கொண்டுவந்து வைத்தார்.
எல்லாம் நிறைந்து வழிந்தது.
என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.
பாட்டிலில் விரற்கடை மிச்சம்.

நனைந்து, மூச்சு வாங்கி,
செம்பை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே திரும்பினார்.

"இங்கேயே குடிங்க."

"என்ன?"

"பார்க்கணும்."

செம்பை எப்படிப் பிடிப்பதென்று மறந்தவர் போல நின்றார்.
பிறகு அண்ணாந்தார்.
தொண்டைமணி ஏறி இறங்கியது,
முகவாயில் கொஞ்சம் வழிந்து சட்டைக்குள் போனது,
காலியாகும் வரை கண்ணை எடுக்கவில்லை நான்.
பொறாமை இல்லையென்றால் பொய்.
ஆனாலும் என் வளையல் கை
அண்டாவில் இன்னொரு செம்பு மொண்டு நீட்டியது.
"இன்னும் ஒரு லிட்டர் பாக்கி இருக்கு உங்களுக்கு."

செவ்வாய்க்கிழமை மெர்லின் எண்ணைப் பார்த்தாள்.
ரெண்டு நூறு.
நம்பாமல்
இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள்.