விபத்து நடந்த நேரம்

ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த
ஜெராக்ஸ் கடையில் மனு எழுதுகிறேன்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
சாவு மனு என்றால் கொடுத்ததை வாங்கிக்கொள்வேன்.

படிவத்தில் ஏழாவது கட்டம்:
விபத்து நடந்த நேரம்.

எபநேசருக்குச் சுலபமாக எழுதிவிட்டேன்.
பழவூருக்குத் தெற்கே, காற்றாலை உச்சி,
ஆடி மாசம், காலை பத்து நாற்பது.
கீழே நின்றவன் கையில் போன் இருந்ததால்
நிமிஷம் வரைக்கும் தெரிந்தது.
கொக்கி நல்ல கொக்கிதான், கயிறுதான் பழசு என்றான் மச்சினன்.
அதற்குக் கட்டம் இல்லை.

பலவேசம்
கிரஷரில் இருபத்தோரு வருஷம்.
ஒண்ணரை இஞ்ச், முக்கால் இஞ்ச், சிப்ஸ், எம்-சாண்ட் என்று
கல் சிறுத்துக்கொண்டே வந்து
மூச்சில் நுழைகிற அளவுக்கு வந்தது.
டிபி என்று எட்டு மாசம் மாத்திரை.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை
வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள் மாடத்தி.
நெஞ்சுக்கூடு முழுக்க
ஜல்லி இறக்கிப்போட்ட மாதிரி.
ஏழாவது கட்டத்தைக் கேட்டேன்.
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:
‘எந்த நேரத்தச் சொல்ல அண்ணாச்சி,
மொதல்ல இருமுனதையா
கடைசியா இருமுனதையா?’

முப்பிடாதி மனு
திரும்பியே வந்துவிட்டது.
வேலை செய்த இடம் என்ற கட்டத்தில்
வீடு என்று எழுதியிருந்தேன்.
வீட்டில் சாவது இயற்கையாம்.
ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று
தூள் நிறுத்துக் கொடுப்பார்கள்.
முப்பத்து மூன்று வருஷம்
அவள் நெஞ்சுக்குள் போனதையெல்லாம்
எடைக் குறைவு என்று
கூலியில் பிடித்திருக்கிறார்கள்.
பாஸ் புத்தகமும் மதினி பேரில்.
கணக்குப்படி
முப்பிடாதி ஒரு பீடிகூடச் சுற்றவில்லை.
விரல் நுனி மட்டும் கடைசிவரை மஞ்சளாக இருந்தது
என்கிறாள் மகள்.

சங்கத்துக் கூட்டத்தில் வாசிக்க
செத்தவர்கள் பட்டியல் கேட்டார்கள்.
நகல்களைப் பிரித்துக் கொடுத்தேன்.
செயலாளர் நல்ல மனுஷன்.
‘இந்த அம்மாவ எதுல சேர்க்க?’ என்றார்,
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு.
எபநேசர் பேருக்கு எல்லோரும் எழுந்து நின்றோம்.
முப்பிடாதி பேர் வருமுன்
மைக் கரகரத்து நின்றுபோனது.
வாசித்தாரோ என்னவோ,
பின்வரிசையில் எங்களுக்குக் கேட்கவில்லை.

பலவேசத்தின் ஏழாவது கட்டத்தைக்
காலியாக விட்டிருந்தேன்.
காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் எடுக்காது என்று
இ-சேவைப் பெண்
நாலு பூஜ்யம் தட்டினாள்.
நடுராத்திரி பன்னிரண்டு என்று அர்த்தமாம்.

அந்த நேரத்தில்தான்
தார்ப்பாய் போடாத லாரிகள்
எங்கள் தெருவைத் தாண்டும்.
கொடியில் கிடக்கிற துணி வெளுக்கும்.
பெண்டாட்டி எழுந்து சன்னலைச் சாத்துவாள்.
நான் ரெண்டு தரம் இருமுவேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று
மணி பார்த்துக்கொள்வேன்.