இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு

மூதூரிலிருந்து நுஸ்கியா டீச்சர் கோல் எடுத்தா.
"பெட்டி வந்திருக்கு. கடல் வரல்ல."

சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம்,
அதன் மூலையில் கிழிந்த தாள்போல ஒரு சின்னப் படம்.
நாற்பத்தொரு பிள்ளைகள்
அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

உவர்மலையில், என் மேசையில், அது ஓடுகிறது.
இழுபட்டியை வலப்பக்கம் தள்ளினால்
கொட்டியாரக் குடாவில் அலைநீளம் கூடும்,
தோணி மெல்ல எழும்பி மெல்ல இறங்கும்.
இடப்பக்கம் தள்ளினால் தோணிக்குத் தலைசுற்றும்.
மூன்று கிழமை இரவுகள் அந்தத் தோணிக்குப் போயின.

பக்கத்தின் மூலத்தைத் திறந்தேன்.
கடலுக்கு இப்படி விலாசம் எழுதியிருந்தது:
சி வட்டு, பயனர்கள், பத்மசீலன்,
மேசைத்திரை, புதுசு, புதுசு இரண்டு, அலை.

பத்மசீலன் யாரென்று எனக்குத் தெரியாது.
மடிக்கணினி என்.சி. வீதியில் வாங்கிய இரண்டாங்கை.
பெயரை மாற்றப் பார்த்தேன், மாறவில்லை,
பிறகு மறந்தும்போனேன்.
மூதூர், கிண்ணியா, தோப்பூர்,
பென்டிரைவ் போன இடமெல்லாம்
என் பாடம் கதவைத் தட்டி
பத்மசீலன் வீடு எது என்று கேட்டிருக்கிறது.
அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று
ஒவ்வொரு கணினியும் மரியாதையாக
ஒரு சாம்பல் பெட்டியை நீட்டியிருக்கிறது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று வழி கேட்பவருக்கு
யாரும் ஆசியாவிலிருந்து தொடங்குவதில்லை.
"இதால வெளியில போய்ப்
பக்கத்து ஒழுங்கைக்குள்ள இறங்குங்க."
அவ்வளவுதான்.

அழித்தேன். வட்டை, பயனரை, பத்மசீலனை.
இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு:
நிற்கும் அறையை விட்டு ஒரு படி வெளியே.
பிறகு செயலிகள். பிறகு அலை.

பாடமும் கடலும் ஒரே பெரிய கோப்புறைக்குள் கிடந்தால்
அதைத் தூக்கி எங்கே வைத்தாலும்
இடையிலுள்ள தூரம் மாறாது.
லாம்பையும் தீப்பெட்டியையும்
ஒரே பைக்குள் போட்டு இடம்பெயர்ந்தவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

தோப்பூரில் மட்டும் இன்னும் வரவில்லை.
அலையின் முதலெழுத்தை ஆங்கிலத்தில்
ஓரிடத்தில் பெரிதாய்ப் போட்டிருந்தேன்.
பெரிது சிறிது பார்க்காத எழுத்தில் பழகிய கை.
அதையும் திருத்தினேன்.

அடுத்த நாள் இரண்டாம் பாடவேளை முடிய
நுஸ்கியா டீச்சர்:
"கடல் வந்திட்டு. ஆனா
தோணியில ஆள் ஒருத்தரையும் காணல்லயாம்,
பிள்ளைகள் கேக்குதுகள்."

ஒருவரை ஏற்றத்தான் வேண்டும்.
பெயர் கைவசம் இருக்கிறது.