துணைக்கால்

ஜாலான் ஈப்போ அலுவலகம். பதினொன்றரை. மழை.
போர்க்கப்பல்கள் கிளம்பிவிட்டன; அந்த அமைச்சர் சொன்னதே செய்தி.
"ஆயுதம் இருக்கிறதா?"
என்றுதான் தலைப்பு வைத்தேன்.
தனராஜு அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
"ஏஜென்சிக்காரனே கேக்கல, உனக்கு என்னலா?"
'தா'வின் காலை எடுத்துவிட்டு
'து' ஆக்கினார்.
கேள்விக்குறி தானாக உதிர்ந்தது.
நானும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்,
தே ஓ ஆறுவதற்குள்.

ஐந்து மணி லாரியில் ரவாங், கிள்ளான், பந்திங்.
ஒரு போன் வரவில்லை.
இல்லை, வந்தது:
ராசிபலனில் மகரம் விட்டுப்போனதாம், நாலு பேர்.

மூன்று வாரம் கழித்து அதே ஏஜென்சியின் படம்.
கட்டிலில் ஒரு பையன்.
போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாக.
"ஒத்தப் பத்தி போதும்" என்றார் அண்ணன்.
இடுப்போடு வெட்டினேன்.
நாங்கள் போட்ட படத்தில்
அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.