டியர்

ஸ்லைகோவில், கரவோக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி,
வீட்டு அடுப்புக்குக் கெரசின் விற்கும் கம்பெனியில்
கணக்குப் பார்க்கும் நோரீன் கில்மார்ட்டின்
நாளொன்றுக்கு நூற்று நாற்பது பேரை
டியர் என்று அழைக்கிறாள்.

டியர் மிஸ்டர் ஃபீனி,
உங்கள் பாக்கி நானூற்றுப் பன்னிரண்டு யூரோ.
டியர் மிஸஸ் ஸ்கேன்லன்,
இது மூன்றாவது நினைவூட்டல்.
டியர் ஐயா அல்லது அம்மா,
நீங்கள் யாரென்று தெரியவில்லை,
ஆனாலும் கட்டிவிடுங்கள்.

அந்தச் சொல்லைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும்.
அழிக்கப் போனால் பீப் என்று கத்தும்.
பெயரை மாற்றலாம், தொகையை மாற்றலாம்,
அன்பில் கைவைக்க அவளுக்கு அதிகாரமில்லை.

மதியம் மீன்கடை.
காட் மீனை வாலைப் பிடித்துத் தூக்கி
டியர் என்கிறாள் ஒருத்தி, முகம் சுளித்து.
மீன்மேல் காதலில்லை, விலை கூடுதல்.
கடைக்கார ஃபின்டன் தராசிலிருந்து கண்ணெடுக்காமல்
கடலிலேயே அரிது, அதான் என்கிறான்.
சிந்திய ஐஸில் ஒரு பையன் வழுக்கி விழ
வரிசையில் நின்ற மூவரும் ஒரே மூச்சில்
ஓ டியர்.
அதில் அன்புமில்லை, விலையுமில்லை.
வாய் திறந்தபோது வெளியேறிய காற்று.

எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு
அருமை என்ற சொல் குறுக்கே வருகிறது.
கிடைக்காததும் அருமை, கிடைத்துப் பிடித்துப்போனதும் அருமை.
பொருள் என்றால் அர்த்தம், பொருள் என்றால் காசு.
எல்லா ஊர் நாக்கும்
சந்தையில் பழகிய நாக்குதான் போல.
இருக்கட்டும்.

செவ்வாயன்று ஃபீனியின் கடிதம் திரும்பி வந்தது.
உள்ளே செக் இல்லை.
முதல் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு
ஓரத்தில் எழுதியிருந்தார்:
"எண்ணெய் டியர்தான்.
இந்தக் காகிதத்தில் சரியான கணக்கு இது ஒன்றே."
நோரீன் தனியாகச் சிரித்தாள்.
யாருக்கும் காட்டாமல் டிராயரில் போட்டாள்.

அன்றிரவு
லைட்ரிமில் இருக்கும் அக்கா அட்ராக்டாவுக்குக்
கடிதம் எழுத உட்கார்ந்தாள்.
முப்பது மைல் தூரம்.
அம்மாவின் வீட்டை விற்றுப் பங்கு பிரித்த நாளிலிருந்து
ஆறு வருஷம் பேச்சில்லை.
அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷனாம், யாரோ சொன்னார்கள்.

வெள்ளைத்தாள் பீப் என்று கத்தவில்லை.
எதையும் தானாகப் போட்டுத் தரவுமில்லை.
டியர் என்று எழுதினாள்,
அடுத்த வரியில் பாக்கித்தொகை வரும்போலிருந்தது.
மை டியர் என்றால்
புதுப்பெண்களிடம் மேனேஜர் பேசும் தொனி.
டியரெஸ்ட் என்று தொடங்கினால்
அக்கா, நடுவே யாரோ செத்துப்போனார்கள் என்று தேடுவாள்.
ஐந்து தாள் கிழிந்தது.
ஆறாவதில் வெறுமனே
அட்ராக்டா, என்று போட்டு
இடுப்பு எப்படி இருக்கிறது,
தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா,
இல்லாவிட்டால் எனக்குச் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன்
என்று மூன்றே வரியில் முடித்தாள்.
அனுப்புநர் பெயரில் கில்மார்ட்டினை விட்டுவிட்டாள்.

காலையில் தபால் ஆபீஸ்.
ஸ்டாம்ப் விலையை மறுபடி ஏற்றியிருந்தார்கள்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் தொகையைச் சொல்ல,
உறையை இரண்டு கையாலும் பிடித்தபடி
நோரீன் சத்தமாகவே சொன்னாள்,
டியர்.

பின்னால் நின்றவர் தலையாட்டினார்.
"எல்லாமே இப்போ அப்படித்தான்."